ஆறு இறங்கினால் பரிசல் இறங்கும்

பரிசல் வட்டமான கலம். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. அடியில் முதுகுக்கட்டை இல்லை, சுக்கான் இல்லை, பாய் இல்லை. மூங்கிலை முடைந்து அடியில் தார் பூசிய இந்தக் கலத்தில் ஏறி, பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரியில் மிதந்து வருவதுதான் ஒகேனக்கல் போகிறவர்கள் முதலில் கேட்டு வாங்கும் அனுபவம். தர்மபுரி நகரிலிருந்து 46 கிலோமீட்டர் தொலைவில், பென்னாகரம் வட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கிறது ஒகேனக்கல். பென்னாகரத்தைக் கடந்ததும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது.

தமிழ்நாட்டில் ஓய்வாகப் படகில் போய்வர இடங்களுக்குக் குறைவில்லை. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு, முட்டுக்காட்டில் கழிமுகம், ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் ஏரி. இவை எல்லாம் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் நீர். ஒகேனக்கல் அப்படியல்ல. ஓடுகிற ஆறு, அதுவும் இங்கேதான் சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஆறு. அந்த ஆற்றில் இயந்திரமில்லாத ஒரு கலத்தில், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் போய்வர முடிகிறது என்றால் அதற்கு மூன்று காரணங்கள் உண்டு: இடத்தின் அமைப்பு, கலத்தின் வடிவம், துடுப்புப் பிடிக்கிறவரின் கை. நான்காவது ஒன்றும் உண்டு. அது கர்நாடகத்து அணைகளில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து மைசூர்ப் பீடபூமியைக் கடக்கும் காவிரி, சிவசமுத்திரத்தில் ஒருமுறை அருவியாக விழுகிறது. பிறகு மேக்கேதாட்டுப் பகுதியில் குறுகிய பாறை இடுக்குக்குள் நுழைகிறது. அங்கிருந்து கீழே கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லைக்கோடாகக் காட்டுக்குள்ளேயே ஓடி, பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லை அடைகிறது. அங்கே ஆற்றின் படுகை முழுவதும் பாறை. நீர் ஒரே ஓட்டமாகப் போக வழியில்லாமல் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கான வெட்டுவழியில் விழுகிறது. ஐந்தருவி, மெயின் அருவி, சினி அருவி என்று ஊர் மக்கள் அழைப்பவை இந்தக் கிளைகள்தாம். சின்னாறும் இங்கே வந்து காவிரியோடு சேர்கிறது.

இந்தப் பாறைகளின் வயது ஆற்றின் வயதோடு ஒப்பிடக்கூடியதல்ல. ஒகேனக்கல்லை ஒட்டிய பகுதியில் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை உண்டு. பூமியின் ஆழத்தில் உருகிய சுண்ணாம்புத்தன்மையுள்ள குழம்பு மேலெழுந்து இறுகியதால் உண்டான பாறை இது. இங்குள்ள கார்பனடைட்டுக்குச் சுமார் 240 கோடி ஆண்டு வயது என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட்டுகளில் இதுவும் ஒன்று. பயணி பார்ப்பது கருத்து, வழுவழுத்து, நீரால் தேய்ந்த சுவர். பரிசல் பயணத்துக்கு வேண்டியதும் அந்தச் சுவர்தான். அருவியில் விழுந்த நீர் இந்தச் சுவர்களுக்கு நடுவே ஆழமான, குறுகலான பள்ளத்தில் கூடுகிறது. மேலே இரைச்சலும் நுரையுமாக இருந்த ஆறு, சிறிது தூரத்திலேயே பச்சை நிறமாகி மெதுவாக நகர்கிறது. இருபுறமும் பாறை நிற்பதால் காற்று அதிகம் அடிப்பதில்லை. நண்பகல் தவிர்த்த நேரங்களில் நிழலும் உண்டு.

பரிசல் முடைவது கூடை முடைவது போன்றதுதான், அளவுதான் பெரிது. மூங்கிலைப் பிளந்து பட்டை பட்டையாகச் சீவி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அடித்தட்டை உண்டாக்குகிறார்கள். பட்டைகளின் நுனிகளை மேல்நோக்கி வளைத்துச் சுவராக்கி, விளிம்பில் கனமான மூங்கில் வளையத்தை வைத்துக் கட்டுகிறார்கள். அடிப்பக்கத்துக்குக் கூடுதல் பட்டைகள் கொடுத்து வலுவேற்றுவார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கைத் தைத்துப் போர்த்தி, காய்ச்சிய தாரைப் பூசினால் கலம் தயார். முற்காலத்தில் சாக்கும் தாரும் இருந்த இடத்தில் மாட்டுத்தோல் இருந்தது. தோல் ஊறும், நாறும், அடிக்கடி வெயிலில் காயவைக்க வேண்டும். தார் வந்தபின் அந்தப் பாடு போயிற்று. இப்போது பல அணைகளில் கண்ணாடியிழைப் பரிசல்களும் வந்துவிட்டன. அவை அதிக காலம் உழைக்கின்றன என்பது உண்மை. ஆனால் பாறையில் மோதினால் மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கண்ணாடியிழையில் விரிசல் விழும். பாறை நிறைந்த ஆற்றில் மூங்கில் இன்னும் நிலைத்திருப்பதற்கு விலை மட்டும் காரணமல்ல.

வட்ட வடிவம் பார்வைக்கு அபத்தமாகத் தோன்றும். நீரைக் கிழித்துக்கொண்டு போகக் கூர்மையான முனை வேண்டும் என்பது கப்பல் கட்டுவோரின் பாலபாடம். ஆனால் பரிசலின் வேலை நீரைக் கிழிப்பதல்ல, நீரின்மேல் உட்கார்ந்திருப்பது. தட்டையான, அகன்ற அடி என்பதால் ஆட்கள் ஏறிய பிறகும் சில அங்குலமே நீருக்குள் அமிழ்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ள பாறைத்தளத்தின் மேலும் உரசாமல் போகிறது. பாறையில் இடித்தாலும் நேராக மோதி உடைய மூக்கு இல்லாததால் சற்றே சுழன்று விலகிக்கொள்கிறது. எடை மிகக் குறைவு என்பது மற்றொரு வசதி. நீர் விழும் இடம் குறுக்கிட்டால் பயணிகள் இறங்கிப் பாறைமேல் நடப்பார்கள். ஓட்டுநர் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு அடுத்த நீர்நிலைக்கு நடப்பார். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்புக் குடைக்குக் கால் முளைத்தது போலிருக்கும்.

குறையும் வடிவத்திலேயே இருக்கிறது. முதுகுக்கட்டை இல்லாததால் பரிசல் நேராகப் போகாது. சும்மா விட்டால் சுழலும். சாதாரணப் படகைப்போல ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் அந்த இடத்திலேயே வட்டமடிக்கும். ஆகவே ஓட்டுநர் போகும் திசையை நோக்கி விளிம்போரம் அமர்ந்து, துடுப்பை முன்னால் நீரில் ஊன்றித் தன்னை நோக்கி இழுக்கிறார். இடமும் வலமுமாக மாறி மாறி இழுக்கும்போது கலம் லேசாக ஆடியபடி முன்னே நகர்கிறது. ஓட்டத்தோடு இறங்குவது எளிது. எதிர்த்து ஏறுவதில்தான் தொழில் தெரியும். நடு ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுப் பயனில்லை என்று அறிந்தவர், கரையோரப் பாறைகளின் மறைவில் நீர் பின்னோக்கித் திரும்பும் இடங்களைத் தேடித் தேடி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மேலே போவார். எந்த நீர்வரத்தில் எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் இருக்கும் என்பதை எழுதிவைத்த புத்தகம் எதுவுமில்லை. ஊட்டமலையிலும் ஒகேனக்கல்லிலும் உள்ள குடும்பங்களில் அப்பாவோடு துடுப்புப் பிடித்த பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்கிறது.

இந்தக் கலத்தை ஒகேனக்கல்லுக்கு மட்டும் உரியதாகச் சொல்ல முடியாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு ஆற்று வழியே சரக்குக் கொண்டுவந்த வட்டமான தோல் படகுகளைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். ஈராக்கில் குஃபா என்ற பெயரில் அப்படிப்பட்ட கலங்கள் 20-ஆம் நூற்றாண்டு வரை ஓடின. பிரிட்டனில் வேல்ஸ் ஆறுகளில் ஒருவர் மட்டும் அமர்ந்து மீன் பிடிக்கும் சிறிய வகை உண்டு. வியட்நாம் மீனவர்கள் மூங்கில் பரிசலைக் கடலிலேயே இறக்குகிறார்கள். தென்னிந்தியாவைப் பொறுத்தவரை, 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையைக் கடக்கக் கூடை போன்ற வட்டப் படகுகள் இருந்ததையும், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக இருந்த அவற்றில் 15, 20 பேர் ஏறியதையும், குதிரைகளும் எருதுகளும்கூட அதில் கடந்ததையும் குறித்திருக்கிறார். துங்கபத்திரை, காவிரி, பவானி ஆகிய மூன்றுமே பாறைப் படுகை கொண்டவை, கோடையில் நீர் குறைபவை. மரப்படகு தட்டி நிற்கும் ஆறுகள் இவை. மூங்கிலோ பக்கத்துக் காட்டிலேயே கிடைத்தது. இவ்வளவு போதும், எந்த ஊரிலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வடிவம் பிறந்திருக்கலாம்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் இடங்களைப் பரிசல்துறை என்கிறார்கள். மாமரத்துக்கடவு, கோத்திக்கல், சின்னாறு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நீர்வரத்தைப் பொறுத்து எந்தத் துறையிலிருந்து இயக்குவது என்பது மாறும். கட்டணத்தையும் ஏறும் ஆட்களின் எண்ணிக்கையையும் நிர்ணயிப்பது பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம். உரிமம் பெற்ற ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டுகிறார்கள். பொதுவாக ஒரு பரிசலில் நான்கு பயணிகள். ஏறும்போதே ஓட்டுநர் எடை பார்த்து ஆளுக்கு ஓர் இடம் காட்டுவார். பருமனானவரை எதிரும் புதிருமாக உட்காரவைப்பார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக அமர வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. படம் எடுக்கும் ஆசையில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் பரிசலுக்குப் பிடிக்காத ஒன்று.

நீர் மிதமாக இருக்கும் நாளில் பயணம் தொங்குபாலம், மெயின் அருவி, ஐந்தருவிப் பக்கமாகப் போய், பாறைச் சுவர்களுக்கு நடுவே மணல்மேடு வரை நீளும். அருவிகளுக்குக் கிட்டே போகும்போது சாரல் முகத்தில் அடிக்கும், பேச்சுக் கேட்காது. திரும்பியதும் இரைச்சல் பாறைக்குப் பின்னால் நின்றுவிடும், துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். ஆழமான, ஓட்டமில்லாத இடத்தில் பரிசலை வேண்டுமென்றே வேகமாகச் சுழற்றிக் காட்டுவது ஓட்டுநர்களின் வழக்கம். கலத்தின் குறையையே வேடிக்கையாக்கிவிட்ட சாமர்த்தியம் அது. வழியில் இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும். அதில் குளிர்பானமும் நொறுக்குத்தீனியும் இருக்கும். மிதக்கும் பெட்டிக்கடை. மணல்மேட்டில் இறங்கிச் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பலாம். கரையேறினால் ஆற்றுமீன் காத்திருக்கும். மீனைத் தாங்களே வாங்கிக்கொடுத்து, அங்குள்ள பெண்களிடம் கூலிக்குச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுவது ஒகேனக்கல்லின் பழக்கம். எண்ணெய் தேய்த்துவிட ஆள் பிடித்து, அருவியில் நின்றுவிட்டு, மீன் குழம்போடு சோறு உண்பது என்ற வரிசையை மாற்ற வேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பது பிலிகுண்டுலு. ஒகேனக்கல்லுக்கு மேலே, எல்லையில், மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் வரும் காவிரி நீர் விநாடிக்கு எத்தனை கனஅடி என்று கணக்கிடப்படுவது அந்த இடத்தில்தான். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்று சொன்னதும், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்ததும் இந்த அளவீட்டை வைத்துத்தான். டெல்டா உழவருக்கு அது சம்பாவின் கணக்கு. பரிசல் ஓட்டுநருக்கு அது அன்றைய கூலியின் கணக்கு. நீர்வரத்து பாதுகாப்பான அளவைத் தாண்டினால் பரிசல் இயக்கவும் அருவிகளில் குளிக்கவும் மாவட்ட ஆட்சியர் தடை விதிக்கிறார். பாதுகாப்பான அளவு என்பது பெரும்பாலும் சில ஆயிரம் கனஅடிக்குள்தான். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் 2,80,000 லிட்டருக்கு மேல். அத்தனையும் இந்தப் பாறை இடுக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

வெள்ளம் வர ஒகேனக்கல்லில் மழை பெய்ய வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழையால் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், அது காட்டு வழியே இறங்கி இங்கே வந்து சேரும். தர்மபுரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும் நாளில் ஒகேனக்கல் அருவிகள் செந்நீரில் மூழ்கி இருந்த இடம் தெரியாமல் போவதுண்டு. 2024-ஆம் ஆண்டு இதற்கு நல்ல சாட்சி. கோடையில் நீர்வரத்து சில நூறு கனஅடிக்கு இறங்கிப் பாறைகள் பல்லிளித்தன. அதே ஆண்டு ஜூலை இறுதியில் ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. முதலில் சொன்னதில் பரிசல் ஓட நீர் போதாது, பின்னதில் பரிசலை ஆற்றங்கரைக்கே கொண்டுபோக முடியாது. விடுமுறையும் ஆடிப்பெருக்கும் வருகிற மாதங்களிலேயே பெரும்பாலும் வெள்ளமும் வருவது இந்தத் தொழிலின் தலைவலி. கூட்டம் கரையில் நிற்கும், பரிசல்கள் கவிழ்த்துவைக்கப்பட்டிருக்கும்.

தடை என்றால் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். பயணிகளுக்கு ஏமாற்றம், ஓட்டுநர்களுக்கு வருமானமில்லாத வாரங்கள். ஆனாலும் தடை தேவைதான். 2015-இல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உயிரிழந்தனர். பார்வைக்கு அமைதியாக இருக்கும் பச்சை நீருக்கடியில் பாறை வெட்டுகளும் உள்ளிழுக்கும் சுழல்களும் இருக்கின்றன, நீச்சல் தெரிந்தவரும் அவற்றிலிருந்து தப்புவது அரிது. ஆகவே உயிர்காப்பு உடை அணியாமல் ஏறக்கூடாது, அனுமதிக்கப்பட்ட துறையைத் தவிர வேறெங்கும் ஏறக்கூடாது. குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்குப்புறமாக அழைத்துப்போகிறேன் என்பவரிடம் சம்மதிக்கக் கூடாது. உயிர்காப்பு உடையின் வாரைக் கட்டாமல் தோளில் தொங்கவிடுவது, அணியாததற்குச் சமம்.

எதிர்க்கரை கர்நாடகம். அங்கும் பரிசல்துறை உண்டு, அங்கும் ஓட்டுநர்கள் உண்டு. மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அந்தக் கரை வழியாக அருவியைப் பார்க்கிறார்கள். இரு கரைக்கும் பின்னால் இருப்பது காடு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வனப்பகுதியைக் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. யானைகள் நீர் தேடி இறங்கும் வழித்தடம் இது. ஆற்றில் நீர்நாய்களும் சதுப்புநில முதலைகளும் வாழ்கின்றன. முதலைகளுக்கென்று ஒகேனக்கல்லிலேயே வனத்துறையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. பரிசலில் போகிறவர் முதலையைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் குளிக்காமலிருக்க அதுவும் ஒரு காரணம்.

மணல்மேட்டுக்குக் கீழே ஆறு அகன்றுகொண்டே போய் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாகிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம், 120 அடி நிறைந்து நிற்கும்போது 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவுகிறது. அதன் ஒரு கரை சேலம் மாவட்டம், மறுகரை தர்மபுரி மாவட்டம். அங்கே பரிசல் உல்லாசப் பொருளல்ல. பென்னாகரம் வட்டத்தின் நாகமரையிலிருந்து எதிரே பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் மக்கள் படகிலும் பரிசலிலும் கடக்கிறார்கள். நீர் வழியே அக்கரை கண்ணுக்கெதிரே இருக்கிறது, சாலை வழியே போனால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலம் கேட்பது இந்த ஊர்களின் பழைய கோரிக்கை. மீனவர்கள் மாலையில் பரிசலில் போய் வலை விரித்துவிட்டு, விடியலில் எடுத்துவருகிறார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், அணை கட்டும்போது மூழ்கிய ஊர்களின் மிச்சங்கள் பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும்: ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி, ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்தின் கோபுரம். அப்போது அவற்றைக் காண வருகிறவர்களுக்கும் பரிசல்தான் வாகனம்.

இவ்வளவு நீர் ஓரமாக ஓடியும் தர்மபுரி வறண்ட மாவட்டம் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்புவது கடினம். ஒகேனக்கல் தாழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் வயல்களும் ஊர்களும் அதைவிடச் சுமார் 200 மீட்டர் மேலே மேட்டில் இருக்கின்றன. வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுபோக வழியில்லை. கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் நோவும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. ஜப்பானிய நிதியுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கப்பட்ட பிறகுதான், காவிரி நீரை மேலேற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் கொடுக்க முடிந்தது. அதுவரை காவிரி இந்த மாவட்டத்துக்கு வேடிக்கை பார்க்கும் ஆறாக மட்டுமே இருந்தது.

பரிசலுக்கென்றே போகிறவர் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெள்ளம் வடிந்திருக்கும், பாறையும் காய்ந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் ஒகேனக்கல் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தித்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ் நாளேடுகள் அநேகமாக அன்றாடம் அதை வெளியிடுகின்றன. தர்மபுரியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுச் சாலையில் வரலாம், ஆனால் யானைகள் நடமாடும் பாதை என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும். விடுமுறை நாட்களில் துறையில் வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுபவருக்கு நிழலும் கிடைக்கும், அவசரப்படுத்தாத ஓட்டுநரும் கிடைப்பார்.